பதினேழாவது எண்ணிக்கை

கோயம்புத்தூர்,
3 பிப்ரவரி 2025

மெர்சி,

மூன்று வாரமாக உன்னை அழைத்துப் பார்க்கிறேன். நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று சஹீர் சொன்ன பிறகுதான் புரிந்தது. சூலூருக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். "உடுமலைக்குப் போயிட்டா கண்ணு. அங்கொரு பள்ளிக்கோடத்துல பேண்டு சொல்லிக் குடுக்குறா" என்று சொல்லி, காலண்டர் தாளின் பின்னால் முகவரியை எழுதிக் கொடுத்தார்கள். காபி குடிக்காமல் விடவில்லை. நமக்குள் நடந்தது தெரியுமா என்று அவர்கள் முகத்தைப் பார்த்தேன். "எண்ணாம அடிச்சுப்போட்டாளாமா, அதான் வேண்டாமுன்னுட்டாங்களாமா" என்றார்கள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி பதினொன்றாம் தேதி கச்சேரி முடிந்ததும் ஒப்பனை அறையில் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னால் 'வீட்டில் எண்ணிப் பழகாமல் மேடையேறினால் இப்படித்தான்' என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீயும் யோசித்துப் பார். 'ஆழ்துளை' என்ற அந்தப் படைப்பு நம் தாளவாத்தியக் குழுவின் ஐந்து பேருக்காகவே எழுதப்பட்டது. அதன் உயிரே நடுவில் வரும் மௌனம்தான். இருபத்தொன்று எண்ணி முடியும் வரை ஒருவரும் அசையக் கூடாது. பிறகு சஹீரின் வைப்ரஃபோனில் தாழ்ந்த சுரம் ஒன்று. அதைக் கேட்ட பிறகுதான் உன் காங். நீ பதினேழிலேயே அடித்துவிட்டாய். ஆள் உயர வெண்கலத் தட்டு அது. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

மோகன்குமார் சார் தன் குழுவை விட்டு உன்னைப் போகச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கட்டுமுங்க" என்றுதான் சொன்னார். நீதான் மறுநாளே ஒத்திகை அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாய். உன் இடத்தில் இப்போது ஜாவித் வாசிக்கிறான். ஜூனில் அதே படைப்பை மறுபடி மேடையேற்றுகிறோம். சாரிடம் நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், திரும்ப எடுத்துக்கொள்வார். ஏழு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறோம்.

பதில் எழுது.
புவனா


உடுமலைப்பேட்டை,
12 பிப்ரவரி

புவனாவுக்கு,

தலைமையாசிரியை கீதா மேடம் "இந்தக் காலத்துல லெட்டர் போடறது யாருங்க மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே உன் கடிதத்தைக் கொடுத்தார். அக்கா என்று சொல்லிவைத்தேன்.

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய். அன்றைக்கே கேட்டுவிட்டேனே, நினைவில்லையா? நீ கத்தி முடித்ததும் "ஸாரிங்க சார்" என்றேன். அதற்கு மேல் எதைக் கேட்பது?

இங்கே பன்னிரண்டு சின்ன டிரம், ஒரு பெரிய டிரம், நான்கு பியூகிள். காலை வழிபாட்டுக்கு ஒரு மார்ச், விளையாட்டு விழாவுக்கு ஒரு மார்ச். மௌனத்தை எண்ணும் வேலை இல்லை. விடுதியிலேயே அறை. வார்டன் ராமாமணி அம்மா ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார். ஞாயிறு ஆராதனைக்குக்கூட ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மே மாதம் வரை தற்காலிகம். அதற்குள் ஒரு குறையும் வராவிட்டால் நிரந்தரம் என்கிறார்கள். அதனால் குறை வராமல் நடக்கிறேன், பேசுகிறேன், சாப்பிடுகிறேன்.

உன் எண்ணைத் தடுத்ததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை.

சூலூருக்கு இனிப் போகாதே. அம்மா யார் வந்தாலும் காபி போடுவார். அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை.

மெர்சி


கோயம்புத்தூர்,
28 பிப்ரவரி

மெர்சி,

நான்கு தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்று எண்ணிக்கை தவறியது எனக்குத்தான். பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் எங்கோ தாவிவிட்டேன். என் கணக்கில் இருபத்தொன்று வந்த அதே நொடியில் உன் காங் முழங்கியது. சஹீரைப் பார்த்தேன். அவன் உதடு இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. நானும் தவறிவிட்டேன் என்று அப்போதே தெரியும். ஒப்பனை அறைக்குள் நுழைந்ததும், யாராவது என் பக்கம் திரும்புவதற்குள் நான் உன் பக்கம் திரும்பிவிட்டேன். நீ மறுக்கவில்லை. நீ சாரிடம் ஸாரி சொன்னதில், எல்லாமே உன் தவறுதான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். முதல் கடிதத்தை அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

நேற்று கச்சேரியின் வீடியோ வந்தது. பதினேழாவது எண்ணிக்கையில் என் மோவாய் கீழே இறங்குகிறது. அதைப் பார்த்த பிறகுதான் உன் கை எழுகிறது. எட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். நீ தவறவில்லை. நான் தவறியதை நீ பின்பற்றியிருக்கிறாய்.

இதற்கிடையே சார் என்னைக் குழுத் தலைவியாக்கிவிட்டார். அன்னூரில் அப்பா எல்லோருக்கும் சொல்லிவிட்டார். மார்ச் பத்தாம் தேதி ஒத்திகையில் அத்தனை பேர் முன்னாலும் உண்மையைச் சொல்லப்போகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நீ ஏன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? உனக்குக் குறிப்பு சஹீரின் சுரம்தானே? அது வரவே இல்லையே.

புவனா


உடுமலைப்பேட்டை,
4 மார்ச்

புவனா,

சொல்லாதே. பத்தாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நீ கேட்ட கேள்வியை அவர்களும் கேட்பார்கள். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. சஹீரின் சுரம் எனக்குக் கேட்காது. இரண்டு வருடமாகக் கேட்பதில்லை. இடது காது ஏறக்குறைய போய்விட்டது. கேட்கும் சக்தி இருந்த இடத்தில் இப்போது ஓர் இரைச்சல் குடியிருக்கிறது, குக்கர் விசிலடிப்பதற்கு முன் இழுக்குமே, அதுபோல. படுக்கும்போதும் ஜெபிக்கும்போதும் அது நிற்பதில்லை. நீங்கள் நான்கு பேரும் மேடையில் அந்த மௌனத்துக்குள் நின்றீர்கள். நான் ஒருநாளும் அதற்குள் நின்றதில்லை.

அவினாசி சாலையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். "பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல வேலைங்களாம்மா?" என்றார். மில்லில் என்று பொய் சொன்னேன். வலது காதாவது மிஞ்ச வேண்டுமானால் அந்த வேலையை விடச் சொன்னார்.

விடவில்லை. கண்ணால் வாசிக்கப் பழகிக்கொண்டேன். சாரின் முழங்கை, சஹீரின் குச்சி, உன் மோவாய். எண்ணி முடிக்கும்போது உன் மோவாய் தாழும். அது உனக்கே தெரியாது. அன்று நான் சரியாகத்தான் எண்ணினேன், புவனா. பதினேழில் இருந்தேன். உன் மோவாய் இறங்கியது. என் எண்ணிக்கையை நம்புவதா, உன்னையா என்று யோசிக்கக்கூட இல்லை.

"அவளைப் பார்த்து அடித்தேன்" என்று சொன்னால் "ஏன் பார்த்தாய்?" என்பார்கள். காது கேட்காதவளை எந்தப் பள்ளிக்கூடம் பேண்டு சொல்லிக்கொடுக்க வைத்திருக்கும்? இந்த வேலையே மோகன்குமார் சார் சொல்லித்தான் கிடைத்தது. அவருக்குத் தெரிந்தால் மறுநாள் கீதா மேடத்துக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீ என்னைச் சொன்னதும் ஒருவர்கூடத் தயங்காமல் நம்பினார்கள். நான் உன்னைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா? நீ வாசிக்கும் மரிம்பா உன் அப்பா வாங்கித் தந்தது. பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருக்கிறது. என் அப்பா அவரைப் போன்றவர்களின் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். ஏழு வருடத்தில் நாம் இதைப் பேசியதே இல்லை. ஆனால் அன்று அந்த அறையில் இதுவும் இருந்தது.

நீ சொன்னால் உனக்குப் பாரம் இறங்கும். எனக்கு வேலை போகும். சொல்லாதே.

மெர்சி


கோயம்புத்தூர்,
24 மார்ச்

மெர்சி,

சொல்லவில்லை.

போன வாரம் சாரிடம் கற்றுக்கொள்ளப் புதிதாக நான்கு மாணவர்கள் சேர்ந்தார்கள். சார் அவர்களிடம், "எண்ணாம அடிச்சா என்ன ஆகுமுன்னு ஜனவரியில பாத்தமில்லீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மரிம்பாவின் பின்னால் குச்சிகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். உன் பெயர் இங்கே பாடமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். உன் கடிதம் ஞாபகம் வருகிறது. மூடிக்கொள்கிறேன்.

தலைமை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏன் அம்மணி, ஆரும் ஒண்ணுஞ் சொல்லலியே? அப்புறமென்ன?" என்றார். ஆரும் ஒன்றும் சொல்லாததுதான் கழுத்தை நெரிக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

இப்போது எனக்கு எண்ண வரவில்லை. பல் தேய்க்கும்போதுகூட எண்ணிப் பார்க்கிறேன். பதினைந்தைத் தாண்டினால் உடம்பு வேர்க்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தாய். "இத வெச்சுட்டு மெதுவா வாசிக்கறது எப்படிடி கேக்கும்?" என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே எடுத்தாய். காங்கை உன் இடப்பக்கம் நிறுத்தினால் மேடைக்கு அழகாக இருக்கும் என்று சொன்னதும் நான்தான்.

புவனா


உடுமலைப்பேட்டை,
9 ஏப்ரல்

புவனா,

நேற்று நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆண்டு விழாவுக்கு ஒத்திகை. சௌடேஸ்வரி என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வரிசையில் எனக்கு இடப்பக்கம் நிற்பாள். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். எல்லாம் நின்றது. அதற்குப் பிறகு 'டம்' என்று ஓர் அடி. அவள் பக்கம் திரும்பி, டிரம்மைக் கழற்றிக் கீழே வைக்கச் சொன்னேன்.

"நான் அடிக்கலீங்க மிஸ்."

"பொய் சொல்லாதே. வெயிலில் போய் நில்."

பத்து நிமிடம் நின்றாள். மற்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "வெளிய தேங்கா லாரிக் கதவு உழுந்துச்சுங்க மிஸ்." நான் என்ன செய்தேன் தெரியுமா? "எல்லாரும் வகுப்புக்குப் போங்க" என்றேன். அவ்வளவுதான். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறதென்று தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதை மறைக்க ஒரு குழந்தையைப் பொய்க்காரியாக்கினேன்.

இத்தனை நாள் நீ செய்ததை எப்படித்தான் செய்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படி என்று இப்போது தெரிந்துவிட்டது. மிகச் சுலபம்.

நாளைக் காலை வழிபாட்டில் அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். பிறகு கீதா மேடத்திடம் காதைப் பற்றிச் சொல்லிவிடுவேன். நீயும் சொல்லிக்கொள். என் காதை மட்டும் உன் வாயால் சொல்லாதே. அது என்னுடையது.

மெர்சி


கோயம்புத்தூர்,
22 ஏப்ரல்

மெர்சி,

நேற்று ஒத்திகை தொடங்கும் முன் சொல்லிவிட்டேன். நான்தான் தவறினேன், மெர்சி என்னைப் பார்த்து அடித்தாள், தெரிந்தே அவள் மேல் பழி போட்டேன் என்று. திட்டுவார்கள், யாராவது எழுந்து போவார்கள் என்று நினைத்திருந்தேன்.

சஹீர் தரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியுமுங்க. நான் அப்பவே பாத்தனுங்க" என்றான்.

சாரும் தலையாட்டினார். "வீடியோவுல நானும் பாத்தேன். அதையெதுக்கு இப்பக் கிளறோணும் அம்மணி? மரிம்பா உங்க ஊட்டுது. நீங்க இருந்தாத்தான் குழு நிக்கும். மெர்சி கெட்டிக்காரி, எங்கியும் பொழச்சுக்குவா."

எல்லோருக்கும் தெரியும், மெர்சி. மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். நான் தனியாக ஓர் அறையில் பூட்டிக்கிடப்பதாக நினைத்தேன். அத்தனை பேரும் அதே அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு சார் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சரி, அவ எதுக்குங்க உங்களைப் பாத்தா?" நான் பதில் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் வெகுநேரம் பேசாமல் நின்றதே காட்டிக்கொடுத்துவிட்டது போல. சார் கண்ணாடியைக் கழற்றி, "காதுங்களா?" என்றார். நான் குச்சிகளை எடுத்து உறைக்குள் போட்டேன்.

அப்போது சஹீர் தன் வலது காதைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "எனக்கும் போன வருசத்துல இருந்து ஙொய்யின்னு ஒரே சத்தமுங்க. சொன்னா எடுத்துருவீங்கன்னு சொல்லலீங்க."

சார் ஒத்திகையை நிறுத்திவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். இன்று காலை ஐந்து பேரையும் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். கீதா மேடத்திடம் பேச மாட்டேன் என்று என் முன்னால் சொல்லியிருக்கிறார்.

ஜூன் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை கச்சேரி. வருவாயா?

புவனா


உடுமலைப்பேட்டை,
9 ஜூன்

புவனா,

கீதா மேடத்திடம் சார் எதையும் மறைக்க வேண்டியதில்லை. நானே சொல்லிவிட்டேன்.

சௌடேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க மிஸ்" என்றாள். அந்தப் 'பரவாயில்லை' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இப்போதும் என்னைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப்போகிறாள்.

கீதா மேடம் என்னை உட்காரவைத்து, மோர் வரவழைத்து, முழுவதும் கேட்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "கஷ்டமா இருக்குதுங்க மிஸ். ஆனா பேண்டுக்கு வேற ஆள் பாத்துக்கறனுங்க. நீங்க மூணாம் வகுப்பு எடுத்துக்குங்க. பத்து மாசம் பார்க்கலாமுங்க" என்றார். ஆக, மறுபடியும் தற்காலிகம். அதே அறை, அதே பூட்டு, அதே ஏடு. மூன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யார் என்ன கேட்கிறார்கள் என்று பிடிக்க வாயையே பார்க்கிறேன். மாலையில் கண் எரிகிறது.

கச்சேரிக்கு வர மாட்டேன். சஹீரிடம் காதைப் பார்த்துக்கொள்ளச் சொல். என்னைப்போல் இரண்டு வருடம் ஓட்ட வேண்டாம்.

மெர்சி


கோயம்புத்தூர்,
23 ஜூன்

மெர்சி,

கச்சேரி முடிந்தது. ஐந்து பேரும் காது அடைப்பான் வைத்துக்கொண்டு வாசித்தோம். காங்கை மேடையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டோம். பார்வைக்கு அழகாக இல்லை.

தொடங்கும் முன் நான் மைக்கை வாங்கினேன். அப்பா இரண்டாவது வரிசையில் இருந்தார். "ஜனவரியில் இதே படைப்பு என் தவறால் கெட்டது. மெர்சி என்ற என் தோழி சரியாக எண்ணினார். அவர் மேல் நான் பழி சுமத்தினேன்" என்றேன். சபை கொஞ்சம் விழித்தது. பிறகு கை தட்டினார்கள். ஜனவரிக்கு வந்தவர்களே அங்கே பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். என்ன சொல்கிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. ஏதோ நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு மரிம்பாவுக்குத் திரும்பி நடந்ததைப்போல் கேவலமாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை.

மௌனம் வந்தது. எண்ணினேன். இருபத்தொன்று சரியாக வந்தது. ஜாவித் சரியாக அடித்தான். திரும்பும்போது காரில் அப்பா, "அந்தப் பேச்சு தேவையில்லாததுங்க அம்மணி" என்றார். அன்னூர் வரை ரேடியோவைப் போட்டுக்கொண்டு வந்தார்.

யாருக்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியவர் யாரும் அங்கே இல்லை.

புவனா


உடுமலைப்பேட்டை,
29 ஜூன்

புவனா,

இருந்தார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்.

அம்மாவை நான்தான் போகச் சொன்னேன். நீ மேடையில் பேசுவாய் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பதிலாக ஒருவர் அந்த இசையை முழுதாகக் கேட்டுவிட்டு வரட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவை அப்படியோர் அரங்கத்துக்குள் போயிருக்கிறார். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றாராம்.

நேற்று இங்கே வந்தார். விடுதி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள மைக்குல உம்பேரச் சொல்லுச்சு சாமி. நீ சரியா எண்ணுனியாமா. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்" என்றார். ஆறு மாதமாக மகள் கவனமில்லாமல் வேலையைத் தொலைத்தவள் என்று நம்பிக்கொண்டு, அதை ஒருநாளும் என்னிடம் கேட்காமல் இருந்த மனுஷி. வார்டனுக்கும் வாட்ச்மேனுக்கும் அதையே சொன்னார். பிறகு அறைக்குக் கூட்டிப்போய்க் காதைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் அழுதார். "எங்கிட்டயுமா மறைச்சே?" என்றார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நேற்று முதல் மூன்று தடவை உட்கார்ந்தேன். பொய்யாக இருக்கிறது. இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

ஜூலை பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சூலூர் வருகிறேன். ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பேன். நீ வருவதானால் வா. எனக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து, கொஞ்சம் நிதானமாகப் பேசு.

மெர்சி